தண்ணீர் லாரி விசில்

கல்லூரியில் முதல் வருடத் தேர்வில் ஒரு கேள்வி வந்தது: பலம், செல்வாக்கு, அதிகாரம், இம்மூன்றையும் வேறுபடுத்துக. பயமுறுத்திப் பணிய வைப்பது பலம். பேசி இணங்க வைப்பது செல்வாக்கு. சொல்ல உரிமை உள்ளவர் சொல்லி மற்றவர்கள் ஏற்பது அதிகாரம். புத்தகத்தில் இருந்தபடியே எழுதினேன். எழுதும்போது எங்கள் வீட்டுப் பச்சைக் குடம்தான் ஞாபகம் வந்தது.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. கோவில்பதாகையில் எங்கள் தெருவுக்குக் கோடையில் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் லாரி வரும். விடிந்ததும் காலிக் குடங்களை வரிசையாக வைத்துவிட்டு எல்லோரும் வீட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். குடம் நிற்கும் இடம்தான் ஆள் நிற்கும் இடம். யாரும் நகர்த்த மாட்டார்கள்.

வரிசையைப் பார்த்துக்கொள்ள வார்டு ஆட்கள் சித்தப்பாவிடம் ஒரு விசில் கொடுத்திருந்தார்கள். ஒருநாள் டீ குடிக்கப் போனவர் அதை என் கழுத்தில் மாட்டிவிட்டுப் போனார். அவ்வளவுதான், தெருவே என் கைக்கு வந்துவிட்டது.

அம்மாவுக்கு அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் பெருக்கித் துடைக்கும் வேலை. ஏழு மணிக்கு வேன். இன்னொரு தடவை வேனை விட்டால் வரவே வேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். அப்பா நைட் ஷிஃப்ட் முடிந்து இன்னும் வரவில்லை. எங்கள் பச்சைக் குடம் ஒன்பதாவது. லாரி முக்கில் திரும்பியதும் விசிலை ஊதிக்கொண்டே குடத்தைத் தூக்கி முதலில் வைத்தேன்.

"இன்னாடா, டிராபிக் போலீசா நீ? எட்றா குடத்த!" என்றார் எதிர்வீட்டு அக்கா.

இன்னும் வேகமாக ஊதினேன்.

"அப்டியே லாரி டயருக்கும் காத்து அட்ச்சி உடு நைனா" என்றார் அவர். தெருவே சிரித்தது.

சத்தம் கேட்டு அம்மா வந்தார். "நம்ம எடம் எங்கடா?" என்றார். காட்டினேன். குடத்தை எடுத்துக்கொண்டு போய் அங்கேயே வைத்தார்.

"வேன் பூடும்க்கா, நீ மொதல்ல புட்ச்சிக்கோ" என்று அதே எதிர்வீட்டு அக்கா சொன்னார்.

"வர்சைல வர்ட்டும்" என்றார் அம்மா.

வேன் போய்விட்டது. வேலையும் போய்விட்டது. அடுத்த வேலை கிடைக்க இரண்டு மாதம் ஆயிற்று.

அடுத்த முறை லாரி வந்தபோது, யார் குடம் முதலில் என்று இரண்டு பேருக்குள் சண்டை. சித்தப்பா ஊதி ஊதிக் களைத்தார். எதிர்வீட்டு அக்காதான் குறுக்கே வந்தார்: "இன்னாத்துக்கு கத்திகினு கீறீங்க? அந்தக்காவ கேளுங்க. அது சொன்னா சரி."

அம்மா நீலக் குடத்தைக் கையால் காட்டினார். சண்டை நின்றது.

நான் சித்தப்பாவிடமிருந்து விசிலை வாங்கி ஓடிப்போய் அம்மாவிடம் நீட்டினேன். அம்மா அதை என் சட்டைப்பையில் போட்டுவிட்டுத் தன் குடத்தருகே போய் நின்றுகொண்டார். அம்மாவுக்கு ஊதத் தெரியாது போலிருக்கிறது என்று எனக்குப் பாவமாக இருந்தது.