கோட்டுக்கு மேல் கொசுறு இல்லை

வளையல்களை முழங்கை வரை ஏற்றி, நழுவாமல் இருக்க மேலே ஒரு ரப்பர் பேண்டையும் மாட்டிக்கொண்டு, சாலம்மாள் கை கழுவ உட்கார்ந்தால் லேசில் எழுந்திருக்க மாட்டாள். சோப்பு அவளுடையது. அடுத்தவர் வீட்டுச் சோப்பை அவள் நம்புவதில்லை. விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு என்று ஒவ்வோர் இடமாகத் தேய்ப்பாள். கீரை கட்டிக் கட்டிப் பச்சை ஏறிய கை அது. கீரை கிள்ளுவதற்கென்றே வளர்த்து வைத்திருந்த கட்டைவிரல் நகத்தை இந்த வேலைக்காக ஒட்ட வெட்டிவிட்டாள். எந்நேரமும் வெற்றிலை மெல்லுகிற வாய் இந்தக் காலைகளில் மட்டும் வெறும் வாயாக இருக்கும். தண்ணீர் ஊற்றுகிற முனிராஜ், "போதும்மா, தோலு உரிஞ்சிரும்" என்பார்.

"உரியட்டும்ணா. நீங்க ஊத்துங்க" என்பாள்.

உள்ளே கட்டிலில் முனிராஜின் மனைவி ராமக்கா நிமிர்ந்து உட்கார்ந்திருப்பாள். அவளுடைய வலது விலாவில் ஒட்டியிருக்கும் கட்டுக்கு உள்ளே ஒரு மெல்லிய வெள்ளைக் குழாய் சுருண்டு கிடக்கிறது. அதன் ஒரு முனை உள்ளே நுரையீரலைச் சுற்றி நீர் தேங்குகிற இடத்தில் இருக்கிறது. வெளியே இருக்கிற முனையில் ஒரு மூடி. பாட்டிலை மாட்டினால்தான் அது திறக்கும். மற்ற நேரத்தில் காற்று உள்ளே போகாது, நீர் வெளியே வராது. பாட்டிலில் இருந்த காற்றை முன்பே உறிஞ்சி எடுத்து அடைத்துக் கொடுத்திருக்கிறார்கள். மாட்டிவிட்டுப் பாட்டில் குழாயில் இருக்கிற கிளிப்பைத் தளர்த்தினால் போதும், புளிக்கரைசல் நிறத்தில் நீர் தானாக இறங்கும். இறங்க இறங்க ராமக்காவின் மூச்சு நீளும். ஒன்றுவிட்டு ஒரு நாள் இப்படி எடுக்க வேண்டும். எடுக்கிறவள் சாலம்மாள்.

இதில் என்ன அதிசயம் என்று கேட்பவர்கள் காரிமங்கலம் சந்தைக்குப் போனதில்லை என்று அர்த்தம். அங்கே இந்த இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துச் சாக்கில் அதே தக்காளி, அதே கத்திரிக்காய், அதே கீரை விற்கிறவர்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இரண்டு பேருக்கும் ஆகாது. ஆகாது என்றால் ஆகாதுதான். உள்ளுக்குள்ளே சிநேகம் என்று யாராவது நயமாகச் சொன்னால் நம்ப வேண்டாம். ஒருத்தி இருபது என்று கூவினால் மற்றவள் பத்தொன்பது என்பாள். சாலம்மாள் ஒரு ஆளைக் கை தட்டி அழைப்பதற்குள், ராமக்காவின் குரல் அவன் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடும். அப்படி ஒரு குரல். பஸ்ஸை விட்டு இறங்குகிறபோதே கேட்கும்.

அந்தக் குரல்தான் முதலில் போயிற்று. எப்போதோ மார்பில் வந்த கட்டியை அறுத்து எடுத்திருந்தார்கள். அந்த நோவு பல வருஷம் கழித்து நெஞ்சில் நீராக வந்து நின்றது. தருமபுரி ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு எடுத்தார்கள், திரும்பவும் சேர்ந்தது. எடுத்தார்கள், சேர்ந்தது. கடைசியில் டாக்டர், வீட்டிலேயே எடுத்துக்கொள்ளும்படி குழாய் வைத்துவிடலாம் என்றார். "இது நோயை எடுக்கறதுக்கு இல்லம்மா. நீங்க மூச்சு விடறதுக்கு" என்று ஒளிக்காமல் சொன்னார்.

ராமக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "சந்தையில கூவ முடியுங்களா சாமி?"

"நீர் சேராம பாத்துக்கிட்டா முடியும்."

அப்போது சாலம்மாளும் அந்த அறை வாசலில் நின்றிருந்தாள். எதற்கு வந்தாய் என்று கேட்ட முனிராஜிடம், "எடம் காலியாவுதான்னு பாக்க வந்தன்" என்றாள். ஆனால் அந்த வாரங்களில் ராமக்காவின் இடத்தில் சாலம்மாளின் பழைய சாக்கு விரிந்து கிடந்ததும், உட்கார வந்த தேங்காய்க்காரனை "அது ஆளு இருக்கற எடம், எந்திரி" என்று அவள் விரட்டியதும் சந்தைக்கே தெரியும்.

குழாய் வைத்த பிறகு, நர்ஸ் நிர்மலாதேவி முனிராஜைக் கூப்பிட்டுச் சொல்லிக் கொடுத்தார். முனிராஜ் நல்ல மனுஷர்தான். காளையை ஒற்றை ஆளாக மடக்குவார். பாட்டிலில் நீர் இறங்கியதைப் பார்த்ததும் கண் செருகிச் சுவரோடு சரிந்துவிட்டார். மகளோ பெங்களூரில் கைக்குழந்தையோடு இருக்கிறாள். நர்ஸ் சுற்றிப் பார்த்தார். சாலம்மாள் வளையலை மேலே தள்ளினாள். "எனக்குச் சொல்லிக் குடுங்க சிஸ்டர். இந்த அண்ணனத் தூக்கறதுக்கு ஒரு ஆளு, அவளப் பாக்கறதுக்கு ஒரு ஆளுன்னு நமக்குக் கட்டாது."

நர்ஸ் பாட்டிலில் பேனாவால் ஒரு கோடு போட்டார். "இது வரைக்கும்தாங்க. அதுக்கு முன்னாடியே இருமல், நெஞ்சு வலின்னா உடனே கிளிப்பை அழுத்திடணும்." சாலம்மாள் எல்லாவற்றையும் ஒரே தடவையில் பிடித்துக்கொண்டாள். கையுறை, பஞ்சு, மூடி, கட்டு, எதிலும் தப்பு வரவில்லை.

தப்பு வந்தது வேறு இடத்தில். தராசுத் தட்டு சமமாக நின்ற பிறகும் ஒரு தக்காளியை எடுத்துப் போட்டே பழகிய கை அவளுடையது. கொசுறு இல்லாமல் ஒரு ஆளை அவள் அனுப்பியதே கிடையாது. வீட்டில் எடுக்க ஆரம்பித்த புதிதில் ஒரு நாள் நீர் கோட்டைத் தொட்டது. ராமக்கா சிரித்த முகமாக இருந்தாள். "நல்லாத்தான இருக்கற? இன்னும் கொஞ்சம் போவட்டும், கொசுறு" என்று சாலம்மாள் கிளிப்பைத் திறந்தே விட்டாள்.

அவ்வளவுதான். ராமக்காவுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. விலாவை யாரோ உள்ளிருந்து கவ்வி இழுப்பதுபோல் வளைந்தாள். நெற்றி வேர்த்தது, உதடு வெளுத்தது. சாலம்மாள் கிளிப்பை அழுத்தினாள். முனிராஜ் நர்ஸுக்குப் போனைப் போட்டுப் பிடித்தார்.

"கிளிப்பு போட்டாச்சா? படுக்க வெய்க்காதீங்க, நிமிந்தே உக்காரட்டும். நான் லைன்லயே இருக்கறன்" என்றார் நர்ஸ்.

இருமல் மெல்ல அடங்கியது. ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்ப் படம் எடுத்துப் பார்த்தார்கள். பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். சாலம்மாளுக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியாது, அன்றும் கேட்கவில்லை. ஆனால் அடுத்த சந்தையில் டீக்கடைக் கலைவாணன் தக்காளி வாங்கிவிட்டு வழக்கம்போலப் பையை விரித்துக்கொண்டு நின்றார்.

"என்னங்க, ரெண்டு கறிவேப்பில கூட இல்லீங்களா?"

"தட்டு சமமா நின்னுச்சில்ல? அதுக்கு மேல ஒண்ணும் கெடையாது."

"ஒடம்பு கிடம்பு சரியில்லீங்களா?"

"எனக்கென்ன, கல்லாட்டம் இருக்கறன். நவுருங்க, ஆளு வருது."

அன்றிலிருந்து அவள் யாருக்கும் கொசுறு போடவில்லை. வியாபாரம் படுத்தது. படுக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

குழாயில் எடுக்கும்போது மட்டும் அவள் வாய் ஓயாது. ராமக்காவிடம் வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்பாள். பிள்ளை பெறும்போதும் அப்படித்தான் சொன்னவளாம். அதனால் சாலம்மாள் அதைக் கேட்பதில்லை. வேறு பேச்சுப் பேசுவாள்.

"ஏண்டி, முன்ன ஒரு சந்தையில உன் கத்திரிக்கா ஒண்ணு எந்திரிச்சு நடந்து போச்சாமே?"

"உன் தக்காளி நாத்தம் தாங்காம கெளம்பியிருக்கும்டி."

"நடக்கறது காயில்லடி, உள்ள இருக்கற புழு."

"புழுவுக்காவது நல்ல காய் எதுன்னு தெரிஞ்சிருக்குது. உன் கூடைப் பக்கம் அது கூட வரல."

பதில் இந்த நீளத்துக்கு வந்தால் நீர் இறங்கலாம். "நீ... போடி" என்று சுருங்கினால், கோடு வந்ததோ வரவில்லையோ, கிளிப்பை அழுத்திவிடுவாள். இதை நர்ஸ் சொல்லிக் கொடுக்கவில்லை.

ராமக்கா ஸ்டூல் போட்டுச் சந்தைக்கு வரத் தொடங்கினாள். விற்க முடிந்தது, கூவ முடியவில்லை. கூவாத சரக்கு சாக்கிலேயே கிடக்கும். சாலம்மாள் முதல் நாள் பார்த்துக்கொண்டு இருந்தாள். இரண்டாம் நாள், "தக்காளி கிலோ இருவது, இருவதேய்!" என்று தன் சாக்கருகே நின்று கூவினாள். பிறகு ஓர் எட்டு தள்ளி ராமக்காவின் சாக்கருகே போய், "தக்காளி கிலோ பதினெட்டு, பதினெட்டேய்!" என்று தன்னையே குறைத்துக் கூவினாள். ஜனங்கள் திகைத்துப் பார்த்தார்கள்.

"என்ன பாக்கறீங்க? அவ சரக்கு சொத்த. கொறச்சுத்தான் கூவணும்."

ராமக்கா ஸ்டூலில் இருந்தபடியே கீரைக்கட்டால் அவள் முதுகில் ஒன்று வைத்தாள்.

மழையிலும் வெயிலிலும் இப்படியே நடந்தது. தன் தொண்டை கட்டிப்போன வாரத்திலும் ராமக்காவின் விலையைக் கூவிவிட்டுத்தான் தன் விலையைக் கூவினாள்.

போன சந்தை அன்று காலை எடுத்தபோது நீர் கோட்டில் பாதிகூட வரவில்லை. சாலம்மாள் பாட்டிலைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். உள்ளே நீர் சேர்வதே குறைந்திருந்தது. மூடியை மாட்டி, கட்டை ஒட்டி, கூடையைத் தூக்கினாள்.

சந்தை நிரம்பிய நேரம். கலைவாணனுக்குத் தக்காளி நிறுத்துப் பையில் கொட்டிவிட்டு, ராமக்காவின் விலையைக் கூவத் திரும்பினாள். அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே பின்னாலிருந்து அது வந்தது.

"தக்காளி கிலோ பதினேழு... பதினேழேய்ய்!"

சாலம்மாள் காலித் தராசைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். குரல் எங்கே உடையும் என்று காத்திருந்தாள். அது தேங்காய்க் குவியலைத் தாண்டி, மாட்டுச் சந்தையைத் தாண்டி, பஸ் ரோடு வரைக்கும் உடையாமல் போயிற்று. அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பினார்கள்.

"நாசமாப் போறவ, மூணு ரூவா கொறச்சுட்டா" என்றாள் சாலம்மாள்.

கலைவாணன் பையைச் சுருட்டப் போனார். அவள் அவர் கையைத் தட்டிவிட்டாள். குவியலுக்குள் கையை விட்டுத் துழாவி, காம்பு வாடாத ஒரு பெரிய தக்காளியாகப் பார்த்து எடுத்து, பைக்குள் போட்டாள்.