இரண்டு புள்ளிகளுக்கு நடுவே

"உப்பை வடக்கே தள்ளுங்கப்பா" என்கிறாள் ஹெட்டி பிளெங்கின், தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். வலது, இடது என்ற சொற்கள் அவள் வாயில் வருவதில்லை. ஆள் திரும்பி உட்கார்ந்தால் வலது இடதாகிவிடும், வடக்கு அப்படியெல்லாம் மாறாது என்பது அவள் கட்சி. அப்பா காலின் உப்பு டப்பாவைத் தெற்கே தள்ளுகிறார். வேண்டுமென்றேதான்.

பதினேழு வயது. பேருந்தில் கடல் தெரியும் பக்கத்து இருக்கையை யாருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டாள். அவள் கோட்டுப் பையிலிருந்து கொட்டும் மணலால் வீட்டுத் துணி துவைக்கும் இயந்திரம் அடிக்கடி அடைத்துக்கொள்கிறது. பல்கலைக்கழகத்துக்கு முந்தைய இரண்டாண்டுப் படிப்பில் மூன்று பாடங்கள் எடுத்திருக்கிறாள். புவியியல் ஒன்று. மற்ற இரண்டும் எவை என்று கேட்டால் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வாள்.

தோழி ஜோஸி வேதியியல்காரி. "போடி, உன்னோடது கலர் பென்சில் படிப்பு. ஆத்துக்கு நீலம், காட்டுக்குப் பச்சை. முடிஞ்சுது பரீட்சை."

"மலைக்குப் பழுப்பு. அதை விட்டுட்ட பாரு, நீ ஃபெயில்."

ஆனாலும் சனிக்கிழமைகளில் அந்த ஜோஸிதான் சிவப்பு வெள்ளைப் பட்டை போட்ட அளவுக் கம்பைப் பிடித்துக்கொண்டு கடல் காற்றில் நிற்கிறாள். கூலி, வினிகர் சொட்டும் ஒரு பொட்டலம் உருளைக்கிழங்கு வறுவல்.

ஹெட்டியின் வீடு ஹெல்விக் ஊருக்குத் தெற்கே, களிமண் கரைமேட்டின் மேல், அப்பா நடத்தும் கேரவன் முகாமுக்குள், விடுமுறைக்கு வருவோர் தங்கும் சக்கர வீடுகளுக்கு நடுவே இருக்கிறது. யார்க்‌ஷயரின் இந்தக் கிழக்குக் கரையைக் குளிர்காலந்தோறும் கடல் கடித்துத் தின்கிறது. இந்த முறை முகாமின் முன்வரிசை இருந்த இடமே போயிற்று. கேரவன்களை முன்கூட்டியே பின்னால் இழுத்து வைத்ததால் அவை தப்பின.

ஊரைக் காப்பாற்ற ஹெல்விக்கில் கட்டியிருக்கும் பாறைத் தடுப்புதான் இதற்குக் காரணம் என்று காலின் நம்பினார். கடல் மணலை வடக்கிலிருந்து தெற்காக இழுத்து வருகிறது. "அவனுங்க வழியிலயே மடக்கிப் பிடிச்சுக்கிறானுங்க. நம்ம கரை பட்டினி கிடக்குது." தடுப்பை இன்னும் நீட்டுவது பற்றி வியாழக்கிழமை ஊர்க்கூட்டம். எதிர்த்துப் பேச அவர் பெயர் கொடுத்தாயிற்று, எதிர்ப்புப் பலகையும் எழுத ஆரம்பித்தாயிற்று. மதுக்கடையில் எல்லோரிடமும் சொல்லியும் ஆயிற்று: "நான் சொல்லலப்பா. என் பொண்ணு அளந்து பாத்துட்டா."

அளந்தது உண்மைதான். புவியியல் மாணவர்கள் ஒவ்வொருவரும் ஒரு கேள்வியைத் தாமே எடுத்து, களத்தில் அளந்து, ஆய்வு எழுத வேண்டும். ஹெட்டி எடுத்தது அப்பாவின் கேள்வி. தடுப்பு முடியும் இடத்தில் அளந்தாள், அங்கே படிக்கட்டு இருக்கிறது. முகாம் இருக்கும் தங்கள் வயலுக்குக் கீழே அளந்தாள், அங்கே இறங்குவதற்கு அப்பா கட்டிய கயிறு இருக்கிறது. இரண்டு இடத்திலும் மணல் தாழ்ந்திருந்தது, மேடு சரிந்திருந்தது.

ஆசிரியை தாக்ரே அதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ரெண்டே இடமா? ரெண்டு புள்ளி இருந்தா நேர்கோடு வராம வேற என்ன வரும்?"

"நடுவுல இறங்க வழி இல்ல மிஸ்."

"அது கடலுக்குத் தெரியுமா?"

அந்தச் சனிக்கிழமை கடல் வற்றிய நேரத்தில் இரு பெண்களும் படிக்கட்டில் இறங்கி, கரையோடு தெற்கே வீடு வரை அளந்துகொண்டே நடந்தார்கள். தடுப்பைத் தாண்டிச் சற்று தூரத்திலேயே மணல் மேலேறிவிட்டது. மேட்டின் அடியில் புல் முளைத்திருந்தது.

"பட்டினி கிடக்கற கரை மாதிரி தெரியலையேடி. விருந்து சாப்பிட்டுட்டுப் படுத்திருக்கு" என்றாள் ஜோஸி.

ஹெட்டி சிரிக்கவில்லை. அவர்கள் வயலுக்குக் கீழே மட்டும் தனியாக ஒரு நீண்ட பள்ளம். மணலே இல்லை, வெறும் களிமண். அலை தடையில்லாமல் வந்து மேட்டை முட்டியது. இந்தக் கரையில் இப்படிப்பட்ட பள்ளங்கள் ஆண்டுக்காண்டு மெல்லத் தெற்கே நகரும் என்று அவள் படித்திருந்தாள். வண்ணம் தீட்டிப் படமும் வரைந்திருந்தாள். ஆனால் படித்ததை ஓர் அறையிலும் வாழ்வதை வேறோர் அறையிலும் வைத்துக் கதவைச் சாத்திவிடுவது மனித வழக்கம். அவளும் விலக்கல்ல.

"நடுவுல அளந்ததை எழுதாம விட்டுடேன்" என்றாள் ஜோஸி.

இந்த இடத்தில் ஹெட்டியை அவசரப்பட்டுப் பாராட்டிவிட முடியாது. வறுவல் தீரும்வரை அதைப் பற்றி யோசித்தாள். பிறகு, "நாய் வெச்சிருக்கற அத்தனை பேரும் தினம் இந்த வழியாத்தான் நடக்கறாங்க, மணலைப் பாக்காமலா இருப்பாங்க" என்றாள். இன்னும் கொஞ்சம் கழித்து, "அவங்க முன்னாடிதான் அப்பா கூட்டத்துல எழுந்து நிப்பாருடி" என்றாள்.

வீட்டுக்குப் போனதும் சொல்லிவிட்டாள். "தடுப்பு இல்லப்பா. நடுவுல பூரா மணல் கிடக்கு, நம்ம மண்ணை அது தின்னல."

காலின் பலகை எழுதிக்கொண்டிருந்த தூரிகையைக் கீழே வைத்தார். "உன்னைப் படிக்க அனுப்பினது அவனுங்களுக்கு வக்காலத்து வாங்கவா?"

"யாருக்கும் வாங்கல. வாங்க, வந்து பாருங்க."

"எனக்குத் தெரியாத கரையா?"

"தெரியும்ப்பா. மேலேருந்து."

அவர் பெயின்ட் டப்பாவை மூடினார். பிறகு பூட்ஸை மாட்டினார்.

கயிற்றைப் பிடித்து இறங்கினார்கள். பள்ளத்தின் வடக்கு விளிம்புக்கு அவரை அழைத்துப்போனாள். ஒரு காலடி மணலில், அடுத்த காலடி வழுக்கும் களிமண்ணில்.

"போன அக்டோபர்ல இந்த விளிம்பு நம்ம வேலிக்கு வடக்கே இருந்துச்சு. அப்போ எடுத்த படம் இருக்கு. இப்ப பாருங்க, நம்ம வயலுக்குள்ளயே வந்துடுச்சு. பள்ளம் நகர நகர, பின்னாடியே மணல் வருது."

"அப்போ அடுத்த வரிசை?"

"தெற்கு ஓரத்துல இன்னும் கொஞ்சம் போகும். அப்புறம் சில வருஷம் மூச்சு விடலாம்."

"சத்தியமா?"

"இதுவரைக்கும் நகர்ந்திருக்கு. அவ்வளவுதான்ப்பா சொல்ல முடியும்."

காலின் களிமண்ணைக் காலால் கிளறினார். கடலைப் பார்த்தார். மேலே தன் கேரவன்களின் வெள்ளை விளிம்பைப் பார்த்தார். "ஊர் பூரா உன் பேரைச் சொல்லி வெச்சிருக்கேன்" என்றார். குரலில் கோபம் முழுதாகப் போகவில்லை. "அப்போ வியாழக்கிழமை நீயே எழுந்து பேசு."

முன்வரிசையோடு சரிந்து விழுந்த வேலிக்கட்டை ஒன்று அருகில் கிடந்தது. ஹெட்டி அதைத் தூக்கிவந்து, மணல் முடிந்து களிமண் தொடங்கும் இடத்தில், இன்றைய விளிம்புக்கு அடையாளமாக நட்டாள். அது ஆடியது. அப்பாவின் கையை இழுத்துக் கட்டையின் தலையில் வைத்து, அதன்மேல் தன் இரு கைகளையும் வைத்து அழுத்தினாள்.