மோன்ஜியா மேடத்தின் ஏட்டு அரபு

மோன்ஜியா மேடத்துக்கு மூக்கு நுனியில் கோபம். எங்கள் கெஃப் நகரப் பள்ளியில் பதினாறு வருடமாக அறிவியல் நடத்துகிறார். திட்டாமல் ஒரு பாடத்தையும் முடித்ததில்லை. அப்படிப்பட்டவர் இந்த வருடம் ஏட்டு அரபில் திட்டக் கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று.

காரணம் ரஹ்மா. பதின்மூன்று வயது. போன குளிர்காலத்தில் வந்த மூளைக்காய்ச்சல் அவள் காதுகளைக் கொண்டுபோய்விட்டது. பேச்சு மட்டும் மிஞ்சியது. தலைநகர் துனிஸில் இருக்கும் காதுகேளாதோர் பள்ளிக்கு அனுப்பச் சொன்னார் தலைமை ஆசிரியர் நெஜிப். சைகை மொழியே தெரியாத பெண்ணை, வீட்டை விட்டுப் பிரித்து அனுப்புவதா? மோன்ஜியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"டிசம்பர் வரைக்கும் என்கிட்ட விடுங்க சார். அப்புறம் பேசுவோம்."

வழி கைப்பேசியில் இருந்தது. பேசுவதை எழுத்தாக்கும் செயலி அது. ப்ரொஜெக்டரோடு இணைத்தால் சொன்னதெல்லாம் சுவரில் ஓடும். ஒரே தொல்லை, அதற்கு எங்கள் ஊர்ப் பேச்சு புரியாது. செய்தி வாசிப்பவர் பேசும் ஏட்டு அரபுதான் புரியும். ஊர்ப் பேச்சில் பாடம் சொன்னால் சுவரில் குப்பை விழுந்தது.

சரி, செய்தியே வாசிக்கிறேன் என்று இறங்கிவிட்டார் மோன்ஜியா.

"கடைசி வரிசையில் அமர்ந்திருப்போரே, வாயை மூடுவீர்களாக!"

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. "மேடம், அப்படியே மழை வருமான்னும் சொல்லிருங்க!" என்றாள் வாயாடி இப்திஸாம். மறுபடி சிரிப்பு. ரஹ்மா மட்டும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்திஸாம் சொன்னது அங்கே வரவில்லை.

"எதுக்கு மேடம் சிரிக்கிறாங்க?"

மோன்ஜியாவுக்குச் சுருக்கென்றது. தன் பேச்சு மட்டும் சுவரில் ஏறினால் போதுமா? அன்றே சட்டம் போட்டார்: யார் வாய் திறந்தாலும் கைப்பேசியைக் கையில் வாங்கி, ஏட்டு அரபில்தான் பேச வேண்டும்.

"ஜோக் அடிச்சாலுமா மேடம்?" என்றாள் இப்திஸாம்.

"நகைச்சுவையும் அவ்வாறே."

டிசம்பரில் ஒரு நாள், மாற்றல் தாளோடு நெஜிப் வகுப்பு வாசலில் வந்து நின்றார். "நீங்க பாடுபட்டது போதும் மேடம். இந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் ஏறாது. கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

இப்திஸாம் எழுந்து போய்க் கைப்பேசியை அவரிடம் நீட்டினாள். "சார், இங்க யாரு பேசினாலும் சுவத்துல வரணும். ஏட்டு அரபுல."

மோன்ஜியா அவளைத் திட்டவில்லை. நெஜிப் தொண்டையைச் செருமிக்கொண்டார். சுவரில் வரி ஓடியது: 'இம்மாணவியால் பாடங்களைப் புரிந்துகொள்ள இயலாது.'

ரஹ்மா படித்தாள். எழுந்து நின்றாள்.

"பத்து மாசமா எல்லாரும் என் முன்னாடியே என்னப் பத்திப் பேசுறாங்க சார். என்கிட்டயே சொன்னது நீங்கதான் முதல்ல. ஆனா நீங்க சொல்றது தப்பு. எதுல வேணும்னாலும் கேளுங்க."

நெஜிப் இரத்த ஓட்டப் பாடத்தில் ஒரு கேள்வி கேட்டார். படபடவென்று பதில் வந்தது. இன்னொன்று கேட்டார். அதற்கும் வந்தது. மூன்றாவதை அவர் கேட்கவில்லை. தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கைப்பேசியில் மெதுவாகப் பேசினார்.

'அமர்வாயாக, மகளே. தவறு என்னுடையது.'

மணி அடிக்கும்வரை மோன்ஜியா அந்த வரியை அழிக்கவில்லை.