ஒன்றும் போடாத துண்டு

நான் ஐந்தாம் வகுப்பு முடித்த வருஷம் எங்கள் வயலை மூன்று துண்டாகப் பிரித்தார்கள். பாகப்பிரிவினை ஒன்றுமில்லை. ஆராய்ச்சிப் பண்ணையிலிருந்து ஒரு சார் வந்தார். கடை உரம் போடாமல், தழையை மட்டும் மிதித்து எவ்வளவு நெல் எடுக்க முடியும் என்று பார்க்க வேண்டும், கன்னிப்பூ என்கிற இந்த முதல் போகச் சாகுபடிக்கு உங்கள் வயலைத் தாருங்கள் என்று கேட்டார். சார் என்று யார் வந்து கேட்டாலும் அப்பாவுக்கு மறுக்கத் தெரியாது.

முதல் துண்டுக்குக் கடை உரம். இரண்டாவதற்குக் கொழிஞ்சித் தழை. மூன்றாவதற்கு ஒன்றும் கிடையாது. ஒன்றும் போடாத துண்டு ஒன்று இருந்தால்தான் மற்ற இரண்டும் எவ்வளவு தேறின என்று தெரியுமாம். ஒன்றின் தண்ணீர் இன்னொன்றுக்குப் போய்விடாதபடி நடுவில் புது வரப்பும் போட்டார்கள்.

நடவு நடந்துகொண்டிருந்தபோதே பள்ளிக்கூடமும் திறந்தது. அண்ணன் நாகர்கோவிலில் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் பஸ்ஸில் போனான். எனக்கு யாரும் புதுச் சட்டை எடுக்கவில்லை. "வாயத் தெறக்காத பயலுக்கு எதுக்குப் படிப்பு? ஒருத்தனாவது வயல்ல நிக்காண்டாமா?" என்று அப்பா அம்மாவிடம் ஒரே ஒரு தடவை சொன்னார். அம்மா மறுத்துப் பேசவில்லை. வகுப்பில் பதில் தெரிந்தாலும் எழுந்து சொல்ல மாட்டாத எனக்கு முதல் வாரம் அது நிம்மதியாகக்கூட இருந்தது.

ஆடும் வாத்தும் வயலில் இறங்காமல் பார்த்துக்கொள்வது என் வேலை. சுசீந்திரம் போகும் ரோட்டோரத்தில் ஒரு தென்னை மூட்டில் உட்கார்ந்திருப்பேன். காலை பஸ்ஸில் அண்ணன் ஜன்னலோரம் இருந்தால் கை காட்டுவான். கூட்டாளிகள் சேர்ந்த பிறகு அவன் இந்தப் பக்கம் திரும்புவதில்லை. நான் மட்டும் பஸ் வளைவில் மறையும்வரை கையைத் தூக்கி வைத்திருப்பேன். அதன் பிறகு உச்சிவரை கொக்குகள்தான் துணை. அவையும் என்னைப்போலப் பேசாத ஜாதி.

ஒரு மாதத்தில் மற்ற இரண்டு துண்டுகளும் பச்சை கட்டிவிட்டன. மூன்றாவது வெளுத்துப்போய், குட்டையாக, சீக்கு வந்த பிள்ளைபோல நின்றது. அடுத்த வயல்காரர் வரப்பில் நின்று அப்பாவைக் கூப்பிட்டார்.

"என்னவே, இதுக்கு மட்டும் மஞ்சக்காமாலையா?"

"அது ஆராய்ச்சி வேய்."

"ஆராய்ச்சின்னா பட்டினி போடுததா? கொள்ளாமே. எம் மாமியாளுக்கும் ஒரு ஆராய்ச்சி வச்சுப் பாக்கணும்."

அப்பா சிரித்தார். அன்றிலிருந்து அந்த வரப்பு வழியாக நடப்பதை விட்டுவிட்டார்.

அம்மா தினமும் உச்சிக்கு எனக்குக் கஞ்சி கொண்டு வருவாள். நான் குடித்து முடிக்கும்வரை அந்த மூன்றாம் துண்டைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். ஒருநாள் ஒரு கையில் கஞ்சித் தூக்கும், மறு கையில் மாட்டுத்தொழுவைக் கழுவிய சாணித் தண்ணீர் வாளியுமாக வந்தாள். வாளியை நேரே மூன்றாம் துண்டில் கொண்டுபோய்க் கவிழ்த்தாள்.

"எம்மா, சாரு ஒண்ணும் போடப்பிடாதுன்னு சொன்னாருல்லா?"

"சாருக்கு என்ன, சொல்லிட்டுப் போயிருவாரு. தெனமும் கண்ணால பாக்கது நாமல்லா?" என்றவள், "ஆருட்டயும் சொல்லப்பிடாது, கேட்டியா மக்கா?" என்றாள்.

சொல்லாமல் இருப்பது எனக்குப் பெரிய காரியமா? அதற்கப்புறம் தினமும் ஒரு வாளி வந்தது. சில நாள் அடுப்புச் சாம்பலும் வந்தது. என் கஞ்சியோடு பொரித்த சாளை மீனும் வர ஆரம்பித்தது. அதையும் வீட்டில் சொல்லாதே என்றாள்.

சார் திரும்பி வந்தபோது மூன்றாம் துண்டு அங்கங்கே கரும்பச்சையாகத் திட்டுத் திட்டாக நின்றது. சார் குனிந்து ஒரு தூரைப் பிடித்துப் பார்த்தார். முகம் வாடிவிட்டது. இனி இந்தப் போகத்தில் பார்த்ததை ஒன்றும் எழுத முடியாது, தழை போதுமா போதாதா என்று யாரிடமும் சொல்ல முடியாது என்றார். அப்பா என் பக்கம் திரும்பினார்.

"ஏலே, நீதான காவலு நின்ன? ஆருல போட்டா?"

நான் தரையைப் பார்த்தேன். அப்பா கையை ஓங்கினார். சார் குறுக்கே வந்து, என் தோளில் கை வைத்து, "தம்பி எந்த கிளாஸ் படிக்கிறே?" என்று கேட்டார்.

"அவன் படிக்கல்ல சாரே. மூத்தவன்தான் படிக்கான்" என்று அப்பாவே பதில் சொன்னார்.

அப்போதுதான் கஞ்சியும் வாளியுமாக வந்த அம்மா வரப்பிலேயே நின்றுவிட்டாள். சாருக்கு முன்னால் அவள் அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

"நான்தான் ஊத்துனேன் சாரே. எல்லாம் ஒரே வயலுதான? ஒண்ணுக்குக் குடுத்துட்டு இன்னொண்ணுக்கு இல்லன்னு சொல்லியாச்சு. சொன்ன அன்னைக்கு ஒண்ணும் தெரியல்ல. தெனமும் பாக்கதுக்குத்தான் முடியல்ல."

சாரிடம்தான் சொன்னாள். ஆனால் பார்த்தது என்னை. சார் தன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். அடுத்த போகத்துக்கு அவர் வேறு வயல் பார்த்துக்கொண்டார். நான் அதே தென்னை மூட்டில்தான் இருந்தேன்.

அன்று வீட்டுக்குத் திரும்பும்போது அம்மா காலி வாளியோடு முன்னால் நடந்தாள். அழுகிறாள் என்று பின்னால் வந்த எனக்குத் தெரிந்தது. நான் காட்டிக் கொடுத்துவிட்டேன் என்று நினைத்துத்தான் அழுகிறாள் என்று தோன்றியது. ஓடிப்போய் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன்.

"எம்மா, நான் ஆருட்டயும் சொல்லல்ல."

அதைக் கேட்டதும் அவள் வாளியைக் கீழே வைத்துவிட்டு இன்னும் அழுதாள். நான் சொன்னதை அவள் நம்பவில்லை என்றே வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.