சிங்கப்பூர்க்காரரும் எங்கள் வெந்நீர் அண்டாவும்

லாட்ஜ் மேனேஜருக்குப் பாதி நேரம் சாவி கொடுப்பதில் போகும். மீதி நேரம், வந்தவர்களின் ஊர்ப் பெருமைக்குத் தலையாட்டுவதில் போகும். இந்தத் தொழிலில் கழுத்து வலி கண்ட நண்பர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எண்பதுகளில் ஏற்காடு பஜாரில் பன்னிரண்டு அறை லாட்ஜ் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னை அதிகம் தலையாட்ட வைத்தவர் ராஜமாணிக்கம். ராசிபுரத்துக்காரர், சிங்கப்பூரில் ஒரு ஹோட்டலில் சூப்பர்வைசர். இங்கே போர்டிங்கில் படிக்கும் மகளைப் பார்க்க வருடா வருடம் ஐப்பசியில் மனைவி கமலாவோடு வருவார்.

குழாயைத் திருகினால்

எங்கள் லாட்ஜில் கீசர் கிடையாது. கொல்லையில் பெரிய செம்பு அண்டா, அடியில் சில்வர் ஓக் விறகு. விடிந்ததும் கதவு கதவாகத் தட்டி வாளியை நானே கொண்டுபோய் வைப்பேன். எந்த அறைக்காரருக்கு எவ்வளவு சூடு வேண்டும் என்பது எனக்கு மனப்பாடம். அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு, மறைப்பானேன்.

அந்த வருடம் வந்த முதல் நாளே ராஜமாணிக்கம் வாளியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். தன் ஹோட்டலில் ஓர் இடம் காலியாம். பத்து நாளில் அவர் கிளம்புவதற்குள் சரி என்றால் என்னை அழைத்துக்கொள்வாராம். எனக்குத் தூக்கம் போயிற்று. கரடியூர் போகும் வழியில் ஒரு துண்டு நிலம் வாங்கிப் போட்டிருந்தேன். அதில் வீடு கட்டத்தான் வழியில்லை. முதலாளியின் அவுட்ஹவுஸில் எத்தனை காலம் குடியிருப்பது? யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவர் சொன்னார்: "நொம்ப யோசிக்காதீங்க. எங்கூர்ல கொழாயத் திருகுனா வெந்நிங்க. ஒரு மனுசன் தூக்கிட்டு வர வேண்டியதே இல்லைங்க."

மூன்று நாள் சட்டை

மறுநாள் அவர் தன் வெள்ளைச் சட்டையைத் துவைத்து பால்கனிக் கம்பியில் போட்டார். சிங்கப்பூரில் அவர்கள் அடுக்குமாடி ஜன்னலில் மூங்கில் கழியை நீட்டித் துணி போடுவார்களாம். காப்பி குடித்து முடிப்பதற்குள் காய்ந்துவிடுமாம். ஏற்காட்டு ஐப்பசி மூட்டத்தில் வெளியே போட்ட துணி காயாது, இன்னும் நனையும். இங்கே குழந்தைக்கும் தெரிந்த விஷயம் இது. மூன்றாம் நாள் அந்தச் சட்டை துவைத்த அன்றைவிடக் கனமாக இருந்தது.

மகள் பள்ளி விழாவுக்குப் போக அதுதான் நல்ல சட்டை. நான் வாங்கிப்போய் அண்டாவுக்கு மேலே கட்டியிருந்த கயிற்றில் போட்டு, கரி போட்ட இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துக் கொடுத்தேன். அவர் அதை மூக்கருகே கொண்டுபோய் முகம் சுளித்தார். கமலா அம்மாதான் என் மானத்தைக் காப்பாற்றினார்: "பொக வாசந்தானுங்க. ஆனா காஞ்சிருக்குதில்லீங்க?"

குளிரும் ஃபிரிட்ஜும்

என் மனைவி ஃபிலோமினாவிடம் சிங்கப்பூர் கணக்கெல்லாம் அடுக்கினேன். முதல் இரண்டு வருடம் நான்கு பேரோடு ஒரே அறையில் படுக்க வேண்டும், குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது என்பதை மெல்லமாகச் சொன்னேன். வீடு கட்டலாம், வீட்டுக்குள் ஃபிரிட்ஜ் வைக்கலாம் என்பதைச் சத்தமாகச் சொன்னேன். வீட்டு ஆசை அவளுக்கும் உண்டு. ஃபிரிட்ஜுக்குத்தான் பதில் வந்தது: "இந்தக் குளுருக்குத் தயிரே தோய மாட்டேங்குது. ஃபிரிட்ஜு எதுக்குங்க?"

வரிசை

ஆறாம் நாள் ராஜமாணிக்கம் அறையைக் காலி செய்துகொண்டு ஏரிக்கரைப் பெரிய ஹோட்டலுக்குப் போனார். அங்கே கீசர் உண்டு. கமலா அம்மாவுக்கு மூட்டுவலி, நினைத்தபோது வெந்நீர் வேண்டும் என்றார். நியாயம்தான். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. வாளி தூக்கியது போதும், அவர் சிங்கப்பூர் கிளம்பும் அன்று சரி என்று சொல்லிவிடுவது என அந்தக் கோபத்திலேயே முடிவு செய்தேன்.

எட்டாம் நாள் காற்றிலும் மழையிலும் மரம் விழுந்து லைன் அறுந்தது. இரண்டு நாள் மலையில் கரண்ட் இல்லை. ஊரிலிருந்த கீசர் அத்தனையும் சும்மா தொங்கின. எங்கள் அண்டா மட்டும் கொதித்தது. பெரிய ஹோட்டல் விருந்தாளிகள் மஃப்ளர் கட்டிக்கொண்டு, ஆளுக்கொரு வாளியோடு எங்கள் கொல்லையில் வரிசையில் நின்றார்கள். ஒருவரையும் வெறும் வாளியோடு அனுப்பவில்லை. அன்று நான் கலெக்டர்போல நின்றேன் என்றால் அது மிகையில்லை.

வரிசையின் கடைசியில் பிளாஸ்டிக் வாளியோடு ராஜமாணிக்கம். ஏதாவது குத்திச் சொல்ல நாக்கு துடித்தது, வாளியை வாங்கிக்கொண்டேன். கமலா அம்மா மூட்டுக்கு ஒத்தடம் கொடுக்கிற சூடு எனக்குத் தெரியும், அந்தச் சூட்டில் நிரப்பினேன். அவர் விரலை விட்டுப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். இத்தனை பேருக்கு வேண்டிய ஆளாக நான் இங்கேதான் இருக்கிறேன் என்று அப்போது பட்டது. வீடு கொஞ்சம் காத்திருக்கட்டும். "நான் வரலீங்க" என்றேன். அவர் முகத்தில் வருத்தமே இல்லை: "நல்லதுங்க. நீங்க அங்க வந்துட்டா, அடுத்த ஐப்பசிக்கு எங்களுக்கு வெந்நி யாருங்க போடுவா?"

அந்த நிலத்தில் வீடு கட்ட எனக்கு ஒன்பது வருடம் பிடித்தது. குளியலறையில் கீசர் இருக்கிறது, கரண்ட் போகிற நாளுக்கென்று கொல்லையில் அண்டாவும் இருக்கிறது.