செவுத்தார் விட்டுப்போன வால்

சந்திரகிரி தாண்டியதும் பக்கத்து சீட்டுக்காரர் ஒரு வாலை வெட்டினார்.

நெற்றி நிறைய நாமம், மடியில் மடித்த துணிப்பை, ஓய்வு பெற்றவர்களுக்கே உரிய நிதானம். சித்தூரில் ஏறியதிலிருந்து அவர் தலை நிமிரவே இல்லை. செல்போனில் ஒரு பல்லி மனிதன் சுவரில் ஏறி ஓடுகிறான். இவர் கட்டைவிரலால் ஒரு இழுப்பு இழுக்கிறார். வால் துண்டாகித் துடிக்கிறது. பத்து பாயிண்ட் என்று மஞ்சள் எழுத்து மேலே பறக்கிறது. சத்தம் மட்டும் வரவில்லை. கண்டக்டர் டிக்கெட் போடும்போதே அதட்டி அணைக்கச் சொல்லியிருந்தார்.

"சார், அதை வெட்டக்கூடாது" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "இன்னாம்மா நீ? வெட்டலன்னா அடுத்த லெவல் எப்டி தொறக்கும்?"

அடுத்த லெவலாம்! எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. உங்களிடம் சொல்லித்தான் ஆற்றிக்கொள்ள வேண்டும். அந்த வாலை வெட்டுவது எவ்வளவு பெரிய அக்கிரமம் என்று இந்த உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி நான். இன்னொருத்தி இப்போது எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது.

காலேஜ் முடித்த கையோடு எனக்குக் கிடைத்த முதல் வேலை திருப்பதியில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு மருந்துக் கடையின் மாடியில். கேம் கம்பெனி என்று பெயர். உள்ளே போனால் நாலு கம்ப்யூட்டர், ஒரு முதலாளி, ஒரு ஃபேன். கதை எழுத நான், படம் வரைய நகரியிலிருந்து புவனா, புரோகிராம் எழுத இரண்டு பையன்கள். அந்தப் பையன்கள் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றி நான் பார்த்ததே இல்லை. ஆகவே இந்தக் கதையில் அவர்களுக்கு வேலை இல்லை.

எனக்கோ ஒரு உலகத்தையே ஒரு வாரத்தில் எழுதி முடித்துவிடலாம் என்ற நினைப்பு. முதல் நாளே வாளும் சாபமுமாக ஏகப்பட்ட ராஜவம்சங்களை எழுதிக்கொண்டு போனேன். புவனா பொறுமையாகப் படித்தாள்.

"ஏன்டி, இவங்கல்லாம் சண்டையே போட்டுக்கினு இருப்பாங்களா? துன்ன மாட்டாங்களா?"

என் வம்சங்கள் அன்றே பூண்டற்றுப் போயின.

அந்த அறைக்கென்று ஒரு வாசனை இருந்தது. கீழே கடையிலிருந்து டிஞ்சர், ஜன்னல் வழியாகக் கற்பூரமும் பஸ் புகையும், நடுவில் புவனாவின் டிபன் டப்பாவிலிருந்து புளிக்குழம்பு. இன்றைக்கும் டிஞ்சர் வாசனை பட்டால் எனக்குப் பசிக்கிறது. ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் வயிறு கிள்ளுகிற ஆள் ஆந்திராவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். சாப்பிட்டுக்கொண்டே நிமிர்ந்தால் டியூப்லைட் தெரியும். பகலிலும் எரிகிற டியூப்லைட். அதைச் சுற்றி எப்போதும் பல்லிகள்.

"எங்க நைனாவும் சித்தப்பாவும் பாகம் பிரிச்சுக்கினு நடுவுல செவுரு வெச்சாங்க" என்றாள் புவனா ஒரு மத்தியானம், சோற்றைப் பிசைந்தபடி. "அந்தப் பக்கமும் பவர்லூம், இந்தப் பக்கமும் பவர்லூம். சத்தம் ஒண்ணுதான். பேச்சுதான் இல்ல. பல்லி மட்டும் ரெண்டு வூட்டுக்கும் போய்க்கினு வந்துக்கினு கீது."

அப்படித்தான் செவுத்தார் பிறந்தார்கள். எங்கள் பக்கத்துப் பேச்சில் சுவருக்குச் செவுரு என்று பெயர். சுவரில் வாழ்கிறவர்கள், பல்லி உடம்பும் மனித மனசும் கொண்டவர்கள். முதலாளிக்குப் பெயர் பிடிக்கவில்லை. "பேரு ஸ்டைலா உண்டாலம்மா" என்றார், ஸ்டைலாக இருக்க வேண்டுமாம். அவரே 'கெக்கோனியன்ஸ்' என்று ஒன்றைக் கொண்டுவந்தார். கம்ப்யூட்டரில் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். எங்கள் வாயில் அவர்கள் செவுத்தார்தான்.

அவர்களுக்குச் சுவர்தான் தரை. விருந்தாளி வந்தால் உத்தரத்தில் தலைகீழாக உட்கார வைப்பதுதான் மரியாதை. விளக்கைத் தேடி வரும் பூச்சியை முதலில் பார்த்தவர் முதலில் தின்னக்கூடாது, பக்கத்திலிருப்பவருக்குக் கண்ணைக் காட்ட வேண்டும். கதவுச் சந்தில் நசுங்கிப் போனவர்களை அவர்கள் மறப்பதில்லை. எந்தக் கதவைக் கடந்தாலும் மூலையில் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் போவார்கள். பல்லி கத்தினால் நாம் பலன் பார்க்கிறோம் இல்லையா? நாம் தும்மினால் அவர்கள் பலன் பார்ப்பார்கள். கிழக்கே ஒருவர் தும்மினால் கொசு வரத்து. மேற்கே தும்மினால் துடைப்பம்.

இப்படியே பேசிப் பேசி எங்களுக்கு வேலையே ஓடாது. சம்பளம் கொடுத்து இரண்டு பேரைச் சிரிக்க வைத்திருந்தார் முதலாளி என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். அதற்கு மேல் அவருக்கு நான் நியாயம் சொல்வதாக இல்லை.

எங்கள் ஜன்னலிலிருந்து பார்த்தால் மலையிறங்கி பஸ்ஸுக்குப் போகிறவர்கள் தெரிவார்கள். மாடியிலிருந்து முகமா தெரியும்? சந்தனம் பூசிய மொட்டைகள்தான் வரிசையாக நகரும். புவனா கம்பியில் முகத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"செவுத்தார் கண்ணுக்கு நாம இப்டித்தான்டி தெரிவோம். இவங்கல்லாம் வாலை மேல விட்டுட்டு வராங்கன்னு நெனைச்சுக்குவாங்க. யாரோடயோ சண்டை. மேல ஒருத்தர் பத்திரமா எடுத்து வெச்சுக்கினு கீறாரு."

அன்றைக்குக் கிடைத்ததுதான் செவுத்தாரின் பெரிய வழக்கம். சண்டை முற்றி இனிமேல் கடித்துவிடுவோம் என்ற நிலை வந்தால், ஒருவர் தன் வாலைத் தானே விட்டுவிட்டுப் போகலாம். தோற்றுப்போனதாக அர்த்தமில்லை. உன்னைக் கடிக்க எனக்கு மனசு வரவில்லை என்று அர்த்தம். மற்றவர் அந்த வாலை எடுத்து வெளிச்சத்துக்குப் பக்கத்தில் வைத்துக் காப்பாற்ற வேண்டும். புது வால் முளைத்ததும், விட்டவர் வந்து பழையதைக் கேட்பார். இவர் கொடுப்பார். யார் சரி, யார் தப்பு என்ற பேச்சு அதோடு முடிந்தது. ஒரே ஒரு கட்டுப்பாடு, விட்டவர்தான் வர வேண்டும். வைத்திருப்பவர் தேடிக்கொண்டு போகக்கூடாது. போனால் அது துரத்துவதாகிவிடும். இந்தக் கடைசிக் கட்டுப்பாடு நான் சேர்த்தது. அதில் எனக்குப் பெருமை வேறு.

வாலை விட்டுப் போகும்போது செவுத்தார் மூன்று முறை நாக்கைத் தட்டுவார்கள். ட்ச், ட்ச், ட்ச். "வெச்சிரு, வர்றேன்" என்று பொருள். மாடிப்படியில் எதிரொலி நன்றாக இருக்கும் என்று புவனா அங்கே உட்கார்ந்து நாக்கைத் தட்ட, நான் கேமில் சேர்ப்பதற்காகப் போனில் பதிவு செய்தேன். கீழேயிருந்து மருந்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா, கோழி கூப்டறீங்களா?" புவனா சிரித்த சிரிப்பில் அன்றைய பதிவெல்லாம் வீண். மறுபடி எடுத்தோம்.

வழக்கம் மெல்ல எங்கள் உடம்பிலும் ஏறிவிட்டது. செவுத்தாருக்கு ராஜா வேண்டும் என்று நான், கூடாது என்று அவள். பேச்சு தடித்தது. அவள் ஒரு காலின் செருப்பைக் கழற்றி என் மேஜை மேல் வைத்தாள், நாக்கைத் தட்டினாள், மற்றக் காலில் மட்டும் செருப்போடு பஸ் ஏறி நகரிக்குப் போய்ச் சேர்ந்தாள். நான் அந்தச் செருப்பைப் பேப்பரில் சுற்றி டியூப்லைட்டுக்குக் கீழே வைத்தேன். ஹெட்போன் பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மறுநாள் புதுச் செருப்போடு வந்தாள். "மொளைச்சிடுச்சு, குடு" என்றாள். கொடுத்தேன். ராஜா பேச்சு போயே போயிற்று. என் ஹேர் கிளிப்பும் ஐடி கார்டும்கூட அவளிடம் அப்படிப் போய்த் திரும்பியவைதான். எத்தனை குடும்பங்களுக்கு இப்படி ஒரு வழி இல்லாமல் நடுவில் சுவர் எழும்புகிறது, சொல்லுங்கள்.

அப்புறம்தான் அந்த நாள். கேமை வாங்க ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். முதலாளி எங்கள் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். அவர் எங்களோடு பேசுவது தமிழும் தெலுங்கும் கலந்துதான்.

"வால் சூப்பர்ம்மா. வாங்கறவங்களுக்கு ரொம்ப நச்சிந்தி, புடிச்சுப் போச்சு. ஆனா அது தானா விழுந்தா ஆடறவனுக்கு என்னா வேலை? வெட்டணும். வெட்னா பாயிண்ட்."

"சார், அது அவங்க சமாதானத்துக்கு விடற வால்" என்றேன்.

"பல்லிக்கு ஏமி சமாதானம்மா?"

பல்லிக்கு என்ன சமாதானம்! நான் கத்தினேன். ஒரு ஜனத்தின் மன்னிப்பைப் பிடுங்கிப் பாயிண்ட் ஆக்குகிறீர்களே என்று கத்தினேன். அவர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். மீதிக் கோபத்துக்கு அங்கே மிச்சமிருந்தவள் புவனா.

"எழுந்திரு, இப்பவே போயிடலாம்" என்றேன்.

"நாம போனா வேற எவனாவது வரைவான்டி. நான் வரையறேன். அறுந்த வால் துடிக்கிற மாதிரி வரையறேன். பாக்கறவன் கை கூசணும்."

"எவனுக்கும் கூசாது. நீயும் வெட்டறவங்களோட சேர்ந்துட்ட."

அவள் டிபன் டப்பாவின் மூடியை எடுத்தாள். அவள் நைனா பெயர் வெட்டிய எவர்சில்வர் மூடி. என் மேஜை மேல் வைத்தாள். ட்ச், ட்ச், ட்ச். மூடியில்லாத டப்பாவோடு படியிறங்கிப் போனாள்.

மறுநாள் நான் போனபோது கதவில் பூட்டு.

"நேத்து சாய்ந்தரமே வண்டி வெச்சு எல்லாத்தையும் ஏத்திக்கினு போயிட்டாங்களே" என்றார் மருந்துக் கடைக்காரர். "உங்களுக்குச் சொல்லலியா?"

சொல்லவில்லை. ஒரு உலகத்தையே விற்றார்கள், அதைப் பெற்றவர்களுக்கு ஒரு வார்த்தை இல்லை. புவனா வந்தாளா, பூட்டைப் பார்த்தாளா, எனக்குத் தெரியாது. ஹைதராபாத்தில் ஏதோ வேலைக்குப் போய்விட்டதாக யாரோ சொன்னார்கள். போன் செய்ய வேண்டியதுதானே என்கிறீர்கள். நம்பர் இருக்கிறது. ஆனால் மூடி என்னிடம் இருக்கிறது. வைத்திருப்பவர் தேடிப் போகக்கூடாது. நானே போட்ட கட்டுப்பாடு. செவுத்தாரைப் பாயிண்ட்டுக்கு வெட்டுகிற இந்த உலகத்தில் நானும் அதை மீறிவிட்டால், அப்புறம் அந்த ஜனம் இருந்ததற்கே அடையாளம் இல்லை. எங்கள் சித்தூர் வீட்டில் டியூப்லைட்டைக் கழற்றி எல்.இ.டி. மாட்ட வேண்டும் என்று நைனா நச்சரிக்கிறார். நான் விடவில்லை. அதன் கீழே ஆணியில் மூடி தொங்குகிறது.

அந்த மாடி இப்போது இல்லை. இடித்துவிட்டுக் கண்ணாடி வைத்த லாட்ஜ் கட்டியிருக்கிறார்கள். முழுக்க ஏசி. விளக்குகள் கூரைக்குள் புதைந்திருக்கின்றன, ஒரு பூச்சி நுழைய வழியில்லை. பூச்சி இல்லாத சுவரில் எந்தப் பல்லி குடியிருக்கும்?

இதையெல்லாம் அந்த நாமக்காரரிடம் நான் சொல்லத்தான் செய்தேன். பாதி கேட்டார். "நல்லாத்தாம்மா கீது உன் கதை" என்றார். அதற்குள் மலை தெரிந்தது. பஸ்ஸில் எல்லோரும் எழுந்து பைகளை இறக்க ஆரம்பித்தார்கள். கண்டக்டர் முன்பக்கம் போய்விட்டதைப் பார்த்துவிட்டு, பெரியவர் திருட்டுத்தனமாகச் சத்தத்தைத் திறந்துவிட்டுக்கொண்டு ஒரு வாலை வெட்டினார்.

ட்ச், ட்ச், ட்ச்.

படம் மாறியிருந்தது, பெயர் மாறியிருந்தது, கையில் வாளெல்லாம் கொடுத்திருந்தார்கள். சத்தத்தை மாற்ற மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. மாடிப்படி எதிரொலியோடு புவனாவின் நாக்கு. எத்தனை ஊரில், எத்தனை கையில், ஒவ்வொரு வால் அறும்போதும் அவள் அதையேதான், "வெச்சிரு, வர்றேன்" என்றுதான், சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

"தொறந்துடுச்சும்மா, அடுத்த லெவல்" என்று பெரியவர் போனை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

வெச்சிருக்கேன்டி, வா.