பலகை இருக்கட்டும்

நெடுஞ்சாலையில் அடிபட்டுக் கிடக்கும் வண்டிகளைப் பட்டறைக்கு இழுத்து வருவது அவர் தொழில். பத்தொன்பது வருடமாகிறது. கொக்கி மாட்டுவதற்கு முன் சீட்டுக்கு அடியில் கைவிட்டுத் துழாவுவார். ஒற்றைச் செருப்பு, மூக்குக் கண்ணாடி, பால்புட்டி, எது கிடைத்தாலும் துணிப்பையில் போட்டுக் கதவில் கட்டிவிடுவார். வீட்டார் வந்து கேட்டால் கொடுக்க வேண்டுமே. இதைச் செய்யும்படி அவரிடம் யாரும் சொன்னதில்லை.

வேகத்தை நூறிலிருந்து எண்பதாகக் குறைத்துப் பலகை நட்டார்கள். அதன் பிறகு அந்தத் துணிப்பைக்கு வேலை குறைந்தது. இறங்கி வந்தவர்களே தங்கள் சாமானை எடுத்துக்கொண்டார்கள். பட்டறையிலோ ஈ ஓட்ட வேண்டியதாயிற்று. முதலாளி இவர் மனைவியின் அண்ணன்தான். பலகையை எடுக்கச் சொல்லி மனு எழுதி, கடைகடையாகக் கையெழுத்து வாங்கிவிட்டார். கடைசியாக இவர்முன் நீட்டினார்.

"மாப்ள, நீங்க போட்டாத்தான் எடுபடும். வேகத்துக்கும் விபத்துக்கும் சம்பந்தமே இல்லன்னு எழுதியிருக்கேன்."

"நான் எழுதலையே மச்சான்."

பக்கத்தில் நின்ற டயர்க்கடைக்காரருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முதலாளி முகம் கடுகடுத்தது.

"போன வாரம்கூட ரெண்டு கார் மோதிச்சே! பலகை என்னத்தக் கிழிச்சுது?"

"மோதிச்சு. நான் போறதுக்குள்ள ரெண்டு பேரும் இறங்கி, சட்டையப் பிடிச்சுக் கட்டிப் புரண்டுக்கிட்டிருந்தாங்க. விலக்கப் போன எனக்கும் ஒரு அறை. முன்னெல்லாம் என்னை அடிக்க அங்க ஆள் ஏது?"

முதலாளி மனுவை இன்னும் கிட்டே நீட்டினார்.

"இப்படியே போனா இழுவை வண்டிய வித்துடுவேன். என் தங்கச்சி உலை வைக்க வேணாமா?"

"வைப்பா. பேனாவக் குடுங்க."

வழிக்கு வந்துவிட்டார் என்று முதலாளி பேனாவைக் கொடுத்தார். இவர் எல்லாருடைய கையெழுத்துகளுக்கும் கீழே, ஒவ்வொரு எழுத்தாக, பெரிதாக எழுதினார்: 'பலகை இருக்கட்டும். வண்டி இழுப்பவன்.'

"அட பாவி! மறுபடி எல்லார்கிட்டயும் வாங்கணுமே!" முதலாளி டயர்க்கடைக்காரர் பக்கம் திரும்பினார்.

"எனக்குக் கை சுளுக்கிக்கிச்சு," என்றார் அவர், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு.

"வண்டிச் சாவிய வச்சிட்டுப் போங்க மாப்ள!"

அவர் சாவியை அந்தத் தாளின் மேலேயே வைத்தார்.